சேற்றில் பச்சை இல்லை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தத் தலைவலி விட்டதா என்று மழுப்பாமல் எழுது. உன் அப்பாவுக்கு உடம்பெல்லாம் வலி, வாய் ஒன்றுதான் வலிப்பதே இல்லை. வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, என் மகள் கிருமியை வளர்த்துப் பிசின் எடுத்திருக்கிறாள், அதை ஊற்றினால் முலாம் பட்டறைக் கழிவுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்று அளந்துகொண்டிருக்கிறார். அளப்பு என்றும் சொல்ல முடியாது, தண்ணீர் நிஜமாகவே கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீ வந்தபோது சொல்லிக்கொடுத்தபடியேதான் பட்டறைக் கழிவுத்தொட்டி வேலையோடு பிசின் பீப்பாயையும் பார்த்துக்கொள்கிறேன். வெயில் படாமல் வைத்து, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை ஊட்டி, பிள்ளை வளர்ப்பது மாதிரிதான், உன்னைவிட அடம் குறைவு. முதலில் சுண்ணாம்பு, அமிலம் நன்றாக அடங்கி உலோகம் திரண்ட பிறகு பிசின் என்று நீ சொன்னதை நான் மாற்றவில்லையடி. மாற்றியது பட்டறை மேனேஜர். அழுக்கெல்லாம் திரண்டு தொட்டிக்கு அடியில் உட்காருவதைப் பார்த்ததும் அவருக்குக் குளிர் விட்டுப்போயிற்று. தண்ணிதான் தெளிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கும்மா சுண்ணாம்பைக் கொட்டி வீணாக்குறீங்க என்று பாதிக்குப் பாதி குறைத்துவிட்டார். மூட்டை அறைச் சாவியும் இப்போது அவர் இடுப்பில். சோதனைக்கு ஆள் வருகிற அன்று மட்டும் முழுச் சுண்ணாம்பு. உன் ஆராய்ச்சிக்கு வருகிற முடிவுகள் எல்லாம் அந்த ஒரு நாளின் தண்ணீர், மற்ற நாளின் தண்ணீர் வேறு. எப்படித் தெரியும் என்று கேட்பாய். முன்பெல்லாம் தொட்டியில் வாரிய சேற்றைக் காயப்போட்டால் நிக்கல் பச்சை பளிச்சென்று தெரியும். இப்போது வெளுத்துக் கிடக்கிறது. பட்டறையில் நிக்கல் முலாம் குறையவில்லை, சேற்றில் பச்சை இல்லை. அப்படியானால் அது எங்கே போகும், தண்ணீரோடுதான் கரைந்து போகிறது. நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர் நம் தெருவுக்குப் பின்னாலிருக்கிற குட்டைக்குத்தானே போகிறது. கலங்கி நாறிக் கிடந்த காலத்தில் ஒருவரும் கிட்டே போகமாட்டார்கள், அந்த நாற்றமே காவல். இப்போது குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத நாளில் குடத்தோடு வரிசை நிற்கிறது. மேனேஜர் கரையில் உன் படத்தோடு பலகை வேறு வைத்திருக்கிறார், கல்லூரியில் எடுத்த படம், பல்லெல்லாம் தெரிகிறது. நான் வீடு வீடாகப் போய்க் கத்தினேன். காய்ச்சித்தானே குடிக்கிறோம் என்கிறார்கள். காய்ச்சினால் உலோகம் ஆவியாகவா போகும். தொட்டிக்காரம்மாவுக்குப் பெத்த பொண்ணு மேலயே பொறாமை என்று ஒருத்தி சொன்னாள், நான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

தெரு கிடக்கட்டும். உன் அண்ணிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. அவளும் அதைத்தான் குடிக்கிறாள். தூரத்துக் கிணற்றிலிருந்து தனியாக ஒரு குடம் தூக்கிவந்து வைத்தேன், அதில் பாத்திரம் கழுவிவிட்டாள். திட்டினால் சிரிக்கிறாள். என் நாத்தனார் கண்டுபிடிச்ச தண்ணி அத்தை, நீங்களே அவளை நம்பலன்னா வேற யாரு நம்புவா என்கிறாள். உன் அண்ணனும் அவளுக்கு ஒத்து ஊதுகிறான். உன்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவளை நான் என்ன சொல்லித் தடுப்பேன்.

நீ போன் செய்து அவளிடம் சொல். நீ சொன்னால் கேட்பாள். அவளிடம் சொன்னால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் அந்த முடிவுகள் பொய் என்று வெளியே வரும், உன் இத்தனை வருட உழைப்பும் மண்ணாகிப் போகும், தெரியாமல் எழுதவில்லை. உனக்குப் பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் எழுதலாம் என்று ஒரு மனசு சொல்லிற்று. அதற்குள் பிள்ளை பிறந்துவிடும். நீ சொன்ன பிறகும் தெரு அந்தக் குட்டைக்குத்தான் போகும், வேறு எங்கே போவார்கள், தெரு நிறுத்தும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அண்ணி இதுவரை குடித்தது குடித்ததுதான், அதை எந்தப் பிசினும் திரட்டி வெளியே எடுக்காது. இனிக் குடிக்கப்போவதையாவது நிறுத்து, கண்ணு.

நீ நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. போன் செய்யும்போது என்னைக் கேட்காதே, அண்ணியைக் கூப்பிடச் சொல். அவள் குரலைக் கேட்டால் உனக்குச் சொல்ல மனசு வராது. வராவிட்டாலும் சொல்லிவிடு.

உன் அம்மா