பீப்பாயில் ஓட்டிய படகு எஞ்சின்

சேசு மரி சூசை துணை

மோகனூர்
11-8-1962

அன்பு மகள் வேளாங்கண்ணிக்கு அப்பா சவரியார் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவர் கிருபையால் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பச்சைக்குழந்தையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். ஞானஸ்நானத்துக்கு நாங்கள் வந்தே தீரவேண்டும் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு இடுப்பு பிடித்ததிலிருந்து கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. எனக்கோ வேறொரு கட்டு விழுந்திருக்கிறது, அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

நம் வீட்டுக்கும் பட்டறைக்கும் சொந்தக்காரர் குழந்தைவேல் இந்த வருஷம் பரிசல் துறையைக் குத்தகை எடுத்தார். நாகப்பட்டினத்திலிருந்து பழைய படகு எஞ்சின் ஒன்று வாங்கி வந்து, துறையில் ஒரு பெரிய படகில் மாட்டினார். ஆடி வெள்ளத்தில் அது சேற்றைக் குடித்துவிட்டு நடு ஆற்றில் நின்றுபோனது. என்னிடம் கொண்டுவந்தார்கள். பம்புசெட்டு பார்க்கிற எனக்கு அது புதுசு, ஆனாலும் படகைத் தள்ளுகிற விசிறியைக் கழற்றிவிட்டுத் தார் பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, அடிப்பாகம் முங்குகிற மாதிரி நிறுத்தி ஓட்டிக் கழுவினேன். எஞ்சினைக் குளிரவைத்த தண்ணீர் வெளியே வருகிற பக்கத்துத் துளையில் முதலில் சேறாக வந்தது, பிறகு சொட்டுக்கூட வரவில்லை. பிரித்துப் பார்த்தால் தண்ணீர் இழுக்கிற ரப்பர் சக்கரம் நார்நாராகிக் கிடந்தது. மெட்ராசிலிருந்து புதுசு வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓட்டினால் எஞ்சின் கொதித்து நின்றுவிடும் என்று சொன்னேன். பதினெட்டாம் பெருக்குக்கு நான்கு நாள்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை. "கரையிலதான் சூடாவும் சவரி, ஆத்துல எறக்குனாத் தானா குளுந்துரும்" என்றார். முப்பது பேர் ஏறிய படகு அந்த வெள்ளத்தில் நின்றால் துடுப்புக்கு அடங்காதுங்க என்றேன். பெருக்குக்குள் படகில் மாட்டிவிடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெருக்குக்கு முதல் நாள் மத்தியானம் எஞ்சினைப் பீப்பாயில் நிறுத்தி விசையை முழுதாகத் திறந்துவிட்டேன். நிறுத்த வேண்டிய நேரத்தில் நான் நிறுத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெயிண்டு கருகி, ஒரு அலறல் அலறி, பிஸ்டன் இறுகிப்போனது. வேண்டுமென்றேதான் செய்தேன் மகளே. அவர் ஓடிவந்தார். ஏசுவார், அடிப்பார் என்று பார்த்தேன். என் தோளில் கை வைத்து, "போவுது உடு சவரி, உன்னைய உட்டா இதைத் தொட எனக்கு யாரு இருக்காங்க" என்றார். அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் பால் கொடுத்தனுப்பினார். இன்றுவரை நிற்கவில்லை. அந்தப் பாலில் ஒரு சொட்டுக்கூட நான் தொடுவதில்லை.

பெருக்கன்று எப்போதும்போலப் பரிசலிலேயே ஜனங்கள் அக்கரை போய் வந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் இருந்திருந்தால் இன்னும் சுருக்கப் போயிருக்கலாமே என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். ஆபத்து இருந்தது என்று காட்ட என் கையில் ஒன்றும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். ஜனங்களின் உயிருக்குப் பயந்து செய்தது ஆண்டவருக்குத் தெரியும், ஆனாலும் பொருளுக்குரியவரிடம் மறைக்கக்கூடாது என்றார். சொன்னால் வீடு போகும், அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன். சொல்லாவிட்டால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த எஞ்சினைப் பழுது பார்க்க வேண்டும். எட்டு நாளாக இப்படியே கிடக்கிறேன். நாளை ஞாயிறு, பூசை முடிந்ததும் போய்ச் சொல்லிவிடுவேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

எங்களுக்காக ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடாதே. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றும் தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கச் சொல். பேரப்பிள்ளையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. மூன்று பேரும் மாதாவின் காவலில் நன்றாயிருங்கள். மறக்காமல் ஒன்று செய், இனிமேல் கடிதத்தை வீட்டு விலாசத்துக்குப் போடாதே, சாமியார் பங்களா விலாசத்துக்குப் போடு.

உன் அப்பா,
ம. சவரியார்