பன்னீர்ப் போத்தல்

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் பன்னீர் மணந்தது. போத்தல் காலியாகி எத்தனையோ காலம். கொதிநீரில் போட்டுக் கழுவியும் மூடியில் மட்டும் அந்த வாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் தரம் உங்கள் சிறுநீர் தேயிலைச் சாயம்போலச் சிவந்து போனபோது, பின்வளவிலிருந்து முகம் வெளிறி வந்தீர்கள். கடையில் எல்லோரும் உடம்புச் சூடு என்றார்கள். செவ்விளநீர் குடித்தீர்கள். நிறம் தெளிந்தது. "பாத்தியா, சூடுதான்" என்று சிரித்தீர்கள். பிறகு காலையில் கண்ணிமை வீங்கியது. மறுபடியும் சிவந்தது.

டொக்டர் சிறுநீரைப் போத்தலில் கொண்டுவரச் சொன்னார். தொழப் போகுமுன் சாரத்தில் துளி பட்டிருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள் நீங்கள். "அசுத்தத்த, நஜீஸக் கையில வச்சிக்கிட்டுப் பள்ளிவாசலத் தாண்டிப் போற எப்பிடி?" என்று மாதக்கணக்காகப் பிடிவாதம் பிடித்தீர்கள். கடைசியில் நானே இந்தப் போத்தலை முக்காட்டுக்குள் மறைத்து ரிக்ஷாவில் கொண்டுபோனேன்.

டொக்டர் அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி நெருப்பில் காட்டினார். முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டது. சிறுநீரகம் கெட்டிருந்தால் அப்படித் திரளுமாம். "இது சூடில்லை அம்மா. குண்டிக்காய் பழுதாப் போச்சுது. முந்தியே வந்திருக்க வேணும்" என்றார்.

உப்பில்லாச் சோற்றை முகம் சுளிக்காமல் தின்றீர்கள். "பன்னீர்ப் போத்தல்ல புருஷன்ட மூத்திரம் கொண்டு போன பொம்புள கண்டியிலயே நீ ஒருத்திதான்" என்று கேலி வேறு. அடுத்த நோன்புக்கு நீங்கள் இல்லை. டொக்டர் சொன்ன அந்த 'முந்தியே' மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இப்போது உங்கள் தம்பிக்கும் சிவந்து போகிறது. "சூடுதான் மச்சி, செவ்விளநீர் வெட்டச் சொல்லிட்டேன்" என்று அண்ணியான என்னிடம் சொல்கிறார். அவருடைய கண்ணிமையைப் பார்த்தேன். உங்கள் வீக்கமேதான். போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பள்ளி வழியாலயா மச்சி?"

"பள்ளி எங்கயும் போகாது. நீங்க இருந்தாத்தானே நாளைக்கும் தொழலாம்? நெரப்பிட்டு வாங்க. கொண்டு போறது நான்."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறார். வாசலில் ரிக்ஷா நிற்கிறது. காத்திருக்கும் நேரத்தில் உங்களுக்கு இதை எழுதுகிறேன். குழாயில் என்ன தெரியுமோ, அல்லாஹ் அறிவான். ஆனால் இந்த வீட்டில் இனி யாரும் செவ்விளநீரை நம்பிக் காலம் கடத்த விடமாட்டேன்.

கதவு திறந்துவிட்டது. தலை குனிந்தபடி, துணியில் சுற்றித் தந்தார். போத்தல் கையில் வெதுவெதுப்பாக இருக்கிறது. இந்தத் தரம் முக்காட்டுக்குள் மறைக்கப் போவதில்லை.