ராஜ் தோளுக்குக் கீழே

ஓசூர்
10.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஈஸ்டர் கழிந்து எனக்குக் கல்யாணம். மற்றவர்கள் சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

ராஜ் போன பிறகு அங்கேயே விட்டுவந்த என் பியானோ இப்போது வேண்டும். இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். சில கட்டைகள் இறங்கினால் ஏறுவதில்லை என்று கரீம் பாய் சொன்னார். மேல் பலகையைத் திறந்தால் சுத்தியல்கள் வரிசையாகத் தெரியும். கட்டை கீழேயே நிற்கும்போது அதன் சுத்தியல் திரும்பி வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எந்தெந்தக் கட்டை என்றும்.

உங்கள் மருமகள்
பிளசி

கடத்தூர்
18.2.2025

அம்மாடி பிளசிக்கு மாமன் சவரி சொல்ல, பக்கத்து டெய்லர் கரீம் எழுதுவது. சேசுவுக்குத் தோத்திரம்.

இங்கே எல்லாரும் சுகம்னு போடட்டுங்களான்னு கரீம் கேட்டார். எல்லாரும்னா நான் ஒருத்தன்தானே, போடுங்கன்னேன்.

கல்யாணச் சேதி கேட்டேன். சந்தோஷம். போன்ல எனக்கு வாய் வர்றதில்லை, வேற கோபமில்லை.

பலகையைத் திறந்தோம். "உள்ளே ஒரு தறியே நிக்குதுங்க"ன்னார் கரீம். சுத்தியல் கம்பியைத் தட்டிட்டுத் திரும்பிடுது. கட்டைதான் எழும்பலை. ஒன்னை அழுத்தினா பக்கத்துக் கட்டையும் கூடவே இறங்குது. ராஜ் இடது தோளுக்குக் கீழே ரெண்டு, சட்டைப் பட்டனுக்கு நேரா மூணு. மத்தது நல்லாருக்குது. எண்ணெய் விடட்டுமா?

நீ ராஜைக் கட்டி வந்த புதுசுல, அது வந்த அன்னைக்கு நிலைக்கதவைக் கழட்டித்தான் வூட்டுக்குள்ள ஏத்தினோம். ராஜ் செருப்பில்லாம ஒரு பக்கம் பிடிச்சான். நீ "மாமா விரல், மாமா விரல்"னு கத்தினே. இப்பவும் கதவைக் கழட்டணும்.

சவரி (கைநாட்டு)

ஓசூர்
26.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எண்ணெய் வேண்டவே வேண்டாம். சுத்தியல் திரும்பினால் உள்வேலை சரியாக இருக்கிறது. கட்டைகளுக்கு நடுவில் ஏதோ சிந்தி ஒட்டியிருக்கிறது.

ராஜ் தோளுக்குக் கீழே என்று எழுதியிருந்தீர்கள். பாட்டுப் புத்தகம் வைக்கும் பலகையில் அவர் படத்தை வைத்திருக்கிறீர்களா? அங்கேதான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்களா, மாமா?

மெழுகுதான். மூடியைக் கழற்றி, ஒட்டிய கட்டைகளைத் தூக்கி, ஓரங்களை ஐஸ் குச்சியால் சுரண்டுங்கள். கத்தி படக் கூடாது. எடுத்த கட்டையை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும்.

நான் வரவில்லை. தொப்பூர் விபத்தில் அவர் போன பிறகு அந்த வீட்டுப் படியேற என்னால் முடியவில்லை. வண்டி அனுப்புகிறேன். படத்தைப் பியானோவோடு அனுப்பிவிடாதீர்கள். கோபிக்காதீர்கள்.

பிளசி

கடத்தூர்
9.4.2025

அம்மாடி பிளசிக்கு,

சுரண்டியாச்சு. கட்டை மாறிடக் கூடாதுன்னு கரீம் துணிக்குக் கோடு போடற சாக்கட்டியால குறி போட்டார். மெழுகு ஒரு கைப்பிடி வந்துது. கொஞ்ச நேரம் கையில வச்சிருந்துட்டுக் கொட்டிட்டேன். அழுகை வரலை. அடக்கத்தன்னைக்கும் வரலை, நீ பார்த்தியே.

நேத்து கதவைக் கழட்டி வண்டியில ஏத்தினாங்க. டிரைவர் ராஜ் தோளுக்குக் கீழே இருந்த கட்டையைத் தட்டிப் பார்த்தான். எழும்பிட்டுது. "நல்ல சத்தம் பெரியவரே"ன்னான். ஆமாங்கன்னேன்.

ஓசூர்ல ஈரம் ஜாஸ்தி, சுவரை ஒட்டிப் போடாதே. மேல எதையும் வைக்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. இனிமே எனக்கு எழுதணுமேன்னு நெனச்சுக் கஷ்டப்படாதே.

படம் இங்கதான் இருக்குது. பியானோ நின்ன எடத்துல, கீழேயே வச்சிருக்கேன். மெழுகு இப்ப சிமெண்டுத் தரையில விழுது. தரைக்கு ஒன்னும் ஆகாது.

சவரி (கைநாட்டு)