மார்க்கா, மட்டையா

அடியே,

மூன்று வாரமாக என் காருக்குள் உன் ஹாக்கி மட்டையின் வாடைதான். கைப்பிடியில் நீ வெட்டிச் சுற்றிய மோட்டார் டியூப், இத்தனை வருடம் கழித்தும் வெயில் பட்டால் ரப்பர் மணக்கிறது. ஈப்போவில் வங்கி வேலை முடிந்து காரைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது நீதான். முன்னால், எனக்குப் பக்கத்து இருக்கையில் கிடக்கிறது. வீட்டுக்குள் எடுத்து வைக்க மனம் வரவில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் ஒருத்தியை எப்படிப் பாடாய்ப் படுத்துவது என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

மட்டையைக் கொடுத்தது உன் மகள் தர்ஷினி. எப்படிக் கொடுத்தாள், என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று உனக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்று இருந்தது தொழிற்சாலை வாசலில் லோரி திரும்புகிற இடம் மட்டும்தான். பள்ளித் திடல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். நீ மேலிருந்து அடித்தால் பந்து தேயிலைச் செடிக்குள் போய் விழும். போய்ப் பொறுக்குவது என் வேலை. காலில் அட்டையோடு நான் ஏறி வருவதற்குள் நீ அடுத்த பந்தை அடித்திருப்பாய். அந்தச் சரிவில் விளையாடி விளையாடி, பந்து எந்தப் பக்கம் ஓடும் என்று அது ஓடுவதற்கு முன்பே உனக்குத் தெரிந்தது. எனக்குக் கணக்கு வந்தது, அறிவியல் வந்தது, பந்து மட்டும் வரவே இல்லை. ஆள் குறைகிறது என்றுதான் என்னை அணிக்குள் இழுத்துவிட்டாய். “சும்மா நில்லு டீ, நான் பாத்துக்கிறேன்” என்பாய். நானும் நின்றேன்.

ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தபோது அந்தக் கோச் வந்தார். கோலாலம்பூரில் பெரிய தனியார் கல்லூரி. நல்ல மதிப்பெண் இல்லாமல் வாசலைக்கூட மிதிக்க முடியாத இடம். அங்கே பெண்கள் ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கிறார் என்றார்கள். நம் லயத்து வீட்டுக்கே வந்து, உன் அம்மா போட்ட பால் விடாத தே-ஓவைக் குடித்துவிட்டு, “நம்ம புள்ளைங்க மேல வரணும்மா” என்றார். உன்னை எடுத்தார். கூடவே என்னையும் எடுத்தார். கல்லூரிக் கட்டணம் கிடையாது, விடுதியும் இலவசம். கோயிலில் நம் இருவர் பெயருக்கும் அர்ச்சனை நடந்தது. என் அப்பா, என் மகள் ஹாக்கியில் போகிறாள் என்று ரிங்லெட் டவுன் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பந்து பொறுக்கிய எனக்கே நான் ஏதோ விளையாடிவிட்டேன் போலிருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது.

விடுதியில் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஒரு சீனியர் பெண் வந்து கேட்டாள். “மார்க்கா, மட்டையா?”

நமக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். ஹாக்கிக்காக வருகிறவர்கள் கல்லூரி கேட்கிற மதிப்பெண்ணை எட்டாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் கோச் அழைத்து வரும் எல்லாருடைய மதிப்பெண்ணையும் சேர்த்து வருடா வருடம் சராசரி பார்த்தால் அது கோட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. அதனால் நன்றாக ஆடுகிற, மதிப்பெண் குறைந்த ஒருத்தியை உள்ளே கொண்டுவர, மதிப்பெண்ணில் கொழுத்த இன்னொருத்தி வேண்டும். ஆடுகிறவள் மட்டை. சராசரியைத் தாங்கிப் பிடிக்கிறவள் மார்க். மார்க்குக்குச் சீருடை உண்டு, தண்ணீர்ப் புட்டி உண்டு, பெஞ்சில் ஓர் இடம் உண்டு. களத்தில் இறங்கும் பேச்சே கிடையாது.

நான் உன்னைப் பார்த்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “அப்ப நான் உன் மார்க்குலதான் வந்திருக்கேன். ரொம்ப நன்றி, டீச்சரம்மா” என்று கும்பிட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா ரிங்லெட்டில் சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்தேன்.

அந்த முதல் வருடத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீலச் செயற்கைப் புல் விரிப்புத் திடலில் நீ முதன்முதலாக ஓடிய நாளில், தரை சரியவே இல்லையே என்று குழம்பிப் போய் இரண்டு முறை விழுந்தாய். மூன்றாவது முறை கோல். எதிர் அணிப் பெண்கள் உன்னை எந்த மாநில அணி என்று விசாரித்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து உன் புட்டியைக் கையில் வைத்திருந்தேன். மார்க்காக இருப்பது அப்போது எனக்கு வலிக்கவில்லை. என் மதிப்பெண்தான் உன் காலில் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் வருடம் பினாங்கிலிருந்து ஒருத்தி வந்தாள். உன்னைவிட உயரம். மதிப்பெண் உன்னைவிடக் குறைவு. கோச் நம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். “ஒரு மார்க்கு ஒரு மட்டையத்தாம்மா தாங்கும். இந்த வருஷம் உன் மார்க்கு அந்தப் புள்ளைக்குப் போகுது” என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். உன்னைப் பார்த்துச் சொல்வதற்கு அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாததால் உன் இடம் போயிற்று. படுக்கை மாற்றுகிற மாதிரி முடித்துவிட்டார். வெளியே வரும்போது உன் தோளைத் தட்டி, “கவலப்படாத, நல்லா வருவ” என்றாரே, அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்கு உன்னோடு நான் மட்டும்தான் வந்தேன். நானும் வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முடிக்க விட்டாயா?

“நீ இரு லா. ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் எறங்குனா லயத்துல என்ன பேசுவாங்க? நீ படிச்சு முடி.”

கேமரன் மலை பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்தாய். ஒரு சீனக் கிழவர் அங்கே உட்கார வந்தார். ஆள் வருகிறது என்று சொல்லி அவரைப் பின்னால் அனுப்பினாய். தனியாகக் காலை நீட்டிக்கொண்டு போகத்தான் அப்படிச் செய்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது. நான் விடுதிக்குத் திரும்பி, படிப்பு முடியும்வரை, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருத்தியைத் தாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நீ கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்றாய். பெர்த்தாமிலிருந்து காய்கறி ஏற்றும் லோரிக்காரரைக் கட்டிக்கொண்டாய். நான் வரும்போதெல்லாம் கடையில் உட்கார வைத்துப் பேசுவாய், கை பாட்டுக்குப் பெட்டியில் பழம் அடுக்கும். பெரிய பழங்களை மேலே வைத்து மூடுவாய். “நான் மேல வச்ச பழம். நீ எடைக்குப் போட்ட பழம். என்னத்தான் மொதல்ல தூக்கி வீசுனாங்க” என்று சொல்லிச் சிரிப்பாய். வாங்க வந்தவர்களும் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன், பார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. அது ஆகி இரண்டு வருடம். இப்போது உன் மகள் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டாள். எல்லாப் பாடத்திலும் ஏ. பள்ளி ஹாக்கி அணியிலும் இருக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, “சித்தி, அந்தக் காலேஜ் கோச் வர்றாராம். நீங்க வரணும்” என்றாள்.

உன் வீட்டுக்குப் போனேன். அதே கோச்தான். முடி நரைத்துவிட்டது, பேச்சு நரைக்கவில்லை. உன் வீட்டுக்காரர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். “சீனி இல்லாம தே-ஓ போதும்மா” என்று வாங்கிக் குடித்த கோச், “நம்ம புள்ளைங்க மேல வரணும்” என்றார். “அம்மா மாதிரியே அடிக்கிறா” என்றும் சொன்னார். அவர் உன் மகள் ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். உன் முகம் அப்படியே இருக்கிறது, உன் கால் இல்லை. பந்து வந்த பிறகுதான் திரும்புகிறாள், என்னைப் போல. கோச் திடல் எங்கே என்று கேட்கவில்லை. தேர்வு முடிவைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார். பார்த்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

அவர் முற்றத்துக்குப் போய் யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது தர்ஷினி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சித்தி, நான் மார்க்கா, மட்டையா?”

பொய் சொல்லியிருக்கலாம். உன் மகளிடம் என்னால் முடியவில்லை.

“மார்க்கு” என்றேன்.

“தெரியும். அம்மா எல்லாம் சொல்லியிருக்காங்க.” நேராக முற்றத்துக்குப் போனாள். “கோச், என் மார்க்கு எந்தப் புள்ளைக்குப் போகுது?”

அவர் சிரித்தார். “யாரும்மா இதெல்லாம் சொன்னது? இப்ப அப்படி இல்ல லா.”

“எந்தப் புள்ளையா இருந்தாலும் சரி. அவங்கள பாதியில அனுப்புனா நானும் கெளம்பிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

உன் வீட்டுக்காரர் பதறிப்போய், “ஏய், பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது?” என்றார். கோச், அம்மாவின் வாய் அப்படியே வந்திருக்கிறது என்று சமாளித்துவிட்டு, சேர்க்கைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். போகும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் அவள் போகிறாள்.

நான் கிளம்பும்போது உன் மட்டையை எடுத்து வந்து காருக்குள் வைத்தாள். “அங்க எனக்கு இது எதுக்கு சித்தி, நான் பெஞ்சுதானே” என்றாள். கோச்சிடம் அப்படிப் பேச எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

“அம்மாதான். ஒருத்திய அனுப்புனா இன்னொருத்தியும் கூடவே போயிடணும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து நின்னா பத்தாதுன்னு சொல்வாங்க.”

சொன்ன பிறகுதான் அது யாரைப் பற்றியது என்று அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டாள். நான் காரை எடுத்துவிட்டேன்.

ஏன்டி, இருக்கச் சொன்னது நீதானே? இத்தனை வருடம் கடையில் எதிரே உட்கார வைத்துப் பழம் ஊட்டினாயே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கக்கூடாதா? திட்டியிருக்கக்கூடாதா? பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடிந்தது, என்னிடம் சொல்ல முடியவில்லையா? உன்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். அந்தக் கோச்மேல்கூட இவ்வளவு இல்லை.

அந்தச் சீனக் கிழவரைப் பின்னால் அனுப்பினாயே, அந்த இருக்கை யாருக்கென்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நேற்று அலுவலகத் தோழி ஒருத்தி மழைக்கு என் காரில் ஏற வந்தாள். முன் கதவைத் திறந்து மட்டையைப் பார்த்துவிட்டு, இதைப் பின்னால் போடவா என்று கேட்டாள். வேண்டாம், ஆள் வருகிறது என்று சொல்லி அவளைப் பின்னால் உட்கார வைத்தேன்.