இருபத்திரண்டு விடுப்புக் கடிதங்கள்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நானும் உன் தங்கை வாலுவும் நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். என் கை லேசாகப் பிசகியதாகப் போனில் சொன்னேனே, அது பொய். நம் குழாய்க் கடை ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தாயிற்று, பதறாதே. கட்டுப் போட்டிருந்த இருபத்திரண்டு பள்ளி நாளும் வாலுதான் கடையைப் பார்த்துக்கொண்டாள். எட்டு மணிக்கே பிளம்பர்கள் வந்து நிற்கிறார்கள், குழாய் இணைப்பில் எல்போ எது டீ எது என்று தெரியாத ஆளை உட்கார வைத்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் பிறகு போய்க்கொள்ளலாம் என்று அவளை நிறுத்தியது நான்தான்.

போன வாரம் பள்ளியில் கூப்பிட்டார்கள். ஏற்கெனவே எடுத்த விடுப்போடு சேர்த்து இவள் வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது, தகுந்த காரணம் காட்டாவிட்டால் பொதுத்தேர்வு எழுத முடியாது என்றார்கள். எனக்குத் தெரியாத வழியா? தெரிந்த டாக்டரிடம் இவளுக்கு டைஃபாய்டு என்று சான்றிதழ் வாங்கி, இவளையும் கூட்டிக்கொண்டு விறைப்பாகப் போய் உட்கார்ந்து, டைஃபாய்டு என்று நீட்டினேன். தலைமையாசிரியை அதைப் பிரிக்குமுன்னே இவள், எனக்கெங்கம்மா டைஃபாய்டு, கை உடைஞ்சது உனக்குத்தானே என்று போட்டு உடைத்துவிட்டாள். அந்த அம்மாள் சிரிக்கவுமில்லை கோபப்படவுமில்லை, இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தார். இருபத்திரண்டு விடுப்புக் கடிதங்களப்பா! தினமும் கடை திறக்கப் போகிற வழியில் பள்ளி வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறாள். அம்மாவுக்குக் கை முறிவு, கடையில் வேறு ஆள் இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள், ஒன்றில்கூட அவளுக்குக் காய்ச்சல் இல்லை. ஒரு கடிதத்தில் மட்டும், இன்று கணக்குத் தேர்வு, மன்னிக்கவும் என்று கூடுதலாக ஒரு வரி. அன்றைக்குத்தானடா ஷட்டரைப் பத்து நிமிஷம் தாமதமாகத் தூக்கினாள் என்று வாடிக்கையாளர் முன்னால் கத்தினேன். பள்ளி வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்திருப்பாள் போல.

பெற்றோர் கையெழுத்து இடம் எல்லாவற்றிலும் காலி. என் கையெழுத்து இரண்டு கிறுக்கல், அவளே போட்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அம்மா கை சரியானதும் போடுவார் என்று எழுதி விட்டுவைத்திருக்கிறாள். இதில் கையெழுத்துப் போடுங்கள், விலக்குக் கேட்டு மேலே அனுப்புகிறேன் என்றார் தலைமையாசிரியை. போட்டால் நான் கொண்டுபோனது பொய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. சந்தையில் ஒருத்தரிடமும் இறங்கிப் போகாத நான், சான்றிதழை நாலாகக் கிழித்துப் பையில் திணித்துக்கொண்டு இருபத்திரண்டிலும் போட்டேன். எனக்கா இப்படி ஒருத்தி பிறந்தாள் என்ற பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

நேற்று அனுமதி வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் தேர்வு. நன்றாகப் படி என்று மட்டும் சொன்னேன். சரி, நீ கனமா எதையும் தூக்காதே என்றாள்.

நீ எல்லா நலமும் பெற்று இரு. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் பண்ணு. கையெழுத்துப் போடும்போது நான் அழுதேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா