நாக்கு சாயும் பக்கம்

நிலவுத் தென்முனைத் தளம். மருத்துவர் சுடர்மதியின் பதிவு.

நாள் 212, காலை 9.10
தளத் தலைவர் பொழிலனுக்கு அறுவை முடிந்தது. வலது தாடைக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியில் கல். சுரப்பியோடு எடுத்துவிட்டேன். ரத்தக் கசிவு சொற்பம். இங்கே மிஞ்சியிருப்பது நாங்கள் இருவர்தான். வேறு டாக்டரைத் தேட அவருக்கு வழியில்லை, பாவம்.

நாள் 213, காலை 8.00
நாக்கை நீட்டச் சொன்னேன். நுனி வலப்பக்கம் சாய்ந்தது. பன்னிரண்டாம் மூளை நரம்பு அந்தச் சுரப்பிக்கு அடியில் வளைந்துதான் நாக்குக்குப் போகிறது. அது அறுந்தால், நல்ல பக்கத்துத் தசை தள்ளித் தள்ளி, நாக்கு கெட்ட பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். வீக்கம்தான், சரியாகிவிடும் என்று அவரிடம் சொன்னேன். நம்பினார்.

நாள் 240, காலை 8.15
நாக்கின் வலது பாதி சூம்பி வருகிறது. உள்ளே புழு நெளிவதுபோல் துடிக்கிறது. சோறு கன்னத்தில் ஒதுங்குகிறது. ழ, ற, ர மூன்றும் போய்விட்டன. தன் பெயரையே பொயிலன் என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. ஓய்வு என்று சொல்லி, இதுவரை சுரங்கப் பக்கம் அவரை விடவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்குச் சொல்லிவிடுகிறேன். கத்தி வழுக்கவில்லை.

என் கணவர் செந்தூரன் சுரங்கத்தில் இருந்தபோது காற்று கசிந்தது. பொழிலன் பயந்துபோய், உள்ளிருந்து திறக்க முடியாதபடி கதவைப் பூட்டினார். "கதவத் திறங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று செந்தூரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது என் ரேடியோவிலும் கேட்டது. தளத்தின் மறுகோடியிலிருந்து நான் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. பூமிக்குப் பொழிலன் சொன்னது: "அவர் கூப்பிடவே இல்லை." நான் மறுத்தேன். "நாக்குல நரம்பில்லாமப் பேசாதீங்க டாக்டர்" என்றார். அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டேன்.

நாள் 241, மாலை 5.05
சுரங்கத்தின் காற்று பம்ப்பை நிறுத்தினேன். கவச உடையில் ஒரு மணி நேரக் காற்றோடு பொழிலன் பழுது பார்க்கப் போனார். கதவு பின்னால் மூடிக்கொண்டது. தடித்த கையுறையோடு பொத்தானை அழுத்த முடியாது என்று அதற்குக் குரல் பூட்டு வைத்தவரே அவர்தான்.

கதவு: "பெயரைச் சொல்லுங்கள்."

"பொயிலன்."

"குரல் பொருந்தவில்லை. பெயரைச் சொல்லுங்கள்."

மாலை 5.40
கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். என் பெயரைச் சொன்னால் போதும், திறந்துவிடும்.

ரேடியோவில் அவர்: "டாக்டய்... செந்தூயன் கூப்பிட்டாயு. எனக்குக் கேட்டுச்சு. கதவத் தியங்க."

இதைக் கேட்கத்தானே இத்தனை நாள். கேட்டாயிற்று. ஆனாலும் என் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. செந்தூரா, உனக்காக...

கையால் தட்டுகிறார். இன்னும் தட்டுகிறார்.

மாலை 6.20
சத்தம் இல்லை.

பூமியிலிருந்து: "டாக்டர், தலைவர் உதவிக்குக் கூப்பிட்டாரா?"

"இல்லை. அவர் கூப்பிடவே இல்லை."

பிறகு கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தேன். நேராகத்தான் இருக்கிறது.