வெண்ணெயும் முன் சீட்டும்

அன்பு மக மேவிஸுக்கு அப்பா எழுதுறது. நான் நல்லா இருக்கேன், முட்டியைப் பத்தி மட்டும் கேக்காதே, அது தனிக்குடித்தனம் போயிடுச்சு. நியூசிலாந்துல நீயும் மாப்பிள்ளையும் ஆட்டுமந்தையும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். உனக்கு இப்ப குளிர்காலமாமே, கழுத்துல கம்பளியைச் சுத்திக்க, சின்ன வயசுலயே உனக்குச் சளி பிடிச்சா ஊரே முழிச்சிருக்கும்.

நான் வீட்ல இல்ல, வயோமிங்ல ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்து மர மேசையில உக்காந்து எழுதுறேன். காத்து காகிதத்தைப் பிடுங்குது, எழுத்து கோணலா இருந்தா அதான் காரணம், ஆறாவதோட நின்னது காரணம் இல்ல. விஷயம் என்னன்னா நம்ம பக்கத்துப் பண்ணை கோரா இருக்காளே, நீ அத்தைன்னு கூப்பிடுவியே, அவ புருஷன் போன பின்னாடி அவளும் உங்கம்மா போன பின்னாடி நானும் சாயங்காலம் காப்பி குடிச்சுப் பேசிட்டிருப்போம்னு உனக்குத் தெரியும். நம்ம முப்பாட்டனுங்க மாட்டு வண்டி கட்டி நெப்ராஸ்கா தாண்டி ஓரிகன் வரைக்கும் போன தடத்துலயே அவ காரை எடுத்துட்டுப் போவோமான்னு போன மாசம் கேட்டா. நான் மனசுக்குள்ள புதுச் சட்டையே எடுத்துட்டேன். கிளம்புற அன்னிக்குப் பாத்தா பெட்டியோட வெண்டெல் வந்து நிக்கிறான், அவனையும் கோரா கூப்பிட்டிருக்கா. இன்சூரன்ஸ் வித்து ரிட்டயர் ஆனவன், எங்கிட்டக்கூட ஒண்ணு வித்திருக்கான். என்னைவிட ரெண்டே வயசு சின்னவன், ஆனா கோரா காதுல விழுற மாதிரி, பெரியவரே பாத்து ஏறுங்கங்கிறான்.

அந்தக் காலத்துல வண்டி வரிசையில ஒரு வழக்கம் உண்டு. இன்னிக்கு முதல்ல போற வண்டி நாளைக்குக் கடைசிக்குப் போயிடணும், எப்பவும் ஒருத்தனே பின்னால புழுதி தின்னக் கூடாதுன்னு. நம்மளும் அப்படியே செய்வோம், ஒருநாள் ஒருத்தர் முன் சீட்டு, மறுநாள் பின் சீட்டுன்னு கோரா சொல்லிட்டா. ஓட்டுறது அவ. வெண்டெல் முன்னால உக்காந்தா வாய் மூடுறதில்ல. அந்தக் காலத்துல பொழுது விடியறதுக்கு முன்னாடி எந்திரிப்பாங்க, எருமைச் சாணி பொறுக்கி அடுப்பு மூட்டுவாங்க, மாடு பாவம்னு பெத்தவங்களும் பிள்ளைங்களும் வண்டில ஏறாம நடந்தே போவாங்கன்னு அளப்பான், அவ சிரிப்பா. நான் பின்னால பெட்டி, போர்வை, வெங்காய மூட்டையோட கெடப்பேன். அவ ஓட்டுறதும் சரியில்லம்மா, பின்னால பாக்குற கண்ணாடியைத் தப்பாத் திருப்பி வச்சிருக்கா, நான் நிமிந்து பாத்தா பின்னால வர்ற லாரி தெரியல, அவ கண்ணுதான் தெரியுது. நாங்க உயிரோட ஓரிகன் போய்ச் சேந்தா ஆண்டவன் புண்ணியம்.

அந்தக் காலத்து வண்டிக்காரங்க பேர் செதுக்கின பாறை ஒண்ணுல வெண்டெலோட முப்பாட்டன் பேர் இருந்துச்சு. கோரா அதை விரலால தடவிப் பாத்தா. நானும் நம்ம பேரைத் தேடிப் பாறையைச் சுத்திச் சுத்தி வந்தேன், ஒண்ணும் இல்ல. நம்மாளுங்களும் அந்த வழியாத்தான் போயிருப்பாங்க, எழுதத் தெரியாத கூட்டம், சும்மா பாறை நிழல்ல குந்திட்டுப் போயிருப்பாங்க.

அதோட விட்டானா. அந்தக் காலத்துல காலையில பால் வாளியை வண்டிக்கு அடியில தொங்க விடுவாங்களாம், குலுங்கிக் குலுங்கிச் சாயங்காலம் வெண்ணெய் திரண்டிருக்குமாம், நானும் கோராவுக்கு வெண்ணெய் எடுத்துத் தர்றேன்னு ஒரு தூக்குவாளி வாங்கிக் கடைப்பாலை ஊத்தி வண்டிக்குப் பின்னால கட்டினான். மேவிஸ், பல்லு மொளைக்கிறப்பவே மாடு கறந்தவன் நான். கடைப்பாலை மிசின்ல போட்டு நசுக்கிக் கலக்கிடுவாங்க, அது ஏடே கட்டாது, நிலா வரைக்கும் குலுக்கினாலும் வெண்ணெய் வராது. நான் சொல்லல. தார் ரோடு வழவழன்னு இருக்கு கோரா, மண் ரோட்ல விடு, வெண்டெல் வெண்ணெய் நல்லாத் திரளட்டும்னு ஏத்தியும் விட்டேன். மத்தியானம் அவ வழி கேக்கணும்னு ஒரு பண்ணை வாசல்ல நிறுத்தி இறங்கினா, அந்த வீட்டம்மாவோட ரொம்ப நேரம் வண்டிக்குப் பின்னால பேச்சு. சாயங்காலம் தூக்கைத் திறந்தா, வாத்து முட்டை அளவுக்கு வெண்ணெய். வெண்டெல் குதிக்கிறான், கோரா முதல் ரொட்டித் துண்டை அவனுக்குத் தடவிக் குடுக்கிறா. நான் என் ரொட்டியை வெண்ணெய் தொடாமலே தின்னேன்.

அந்தப் பண்ணையில பாலை மாத்தி ஏடு ஊத்தினது அவதான்னு எனக்குப் புரியாதா, அவளும் மாட்டுப் பண்ணைக்காரிதானே. தனியாப் பிடிச்சு, அவன் மானத்தைக் காப்பாத்த உனக்கு அவ்வளவு அக்கறையான்னு கேட்டுட்டேன். அவன் மானத்துக்கு இல்ல, காலையிலேந்து திருட்டுப் பூனை மாதிரி சிரிச்சிட்டு வர்றீங்க, வெண்ணெய் வராம இருந்திருந்தா ஓரிகன் வரைக்கும் உங்க கிண்டலை யாரு கேக்கிறது, உங்க வாயை அடைக்கத்தான்னா. எனக்கு அரை மனசுதான் ஆறுச்சு.

இன்னிக்கு என் முன் சீட்டு நாள். கொஞ்ச தூரம் வந்திருப்போம், பின்னாலேந்து வெண்டெல் முனகுறான். கோரா, நான் பின்னால உக்காந்தா கண்ணாடியில ரோடுதான் தெரியுது, உன் மூக்குகூடத் தெரியல, நானும் எத்தனை தடவை சைகை காட்டுறதுன்னான். கோரா கியர் மாத்தினா, காது மட்டும் பீட்ரூட் மாதிரி ஆயிடுச்சு. நான் அவளைப் பாத்தேன். கண்ணாடியைப் பாத்தேன். அவன் பின்னால உக்காந்த நாளெல்லாம் அது ரோட்டைப் பாத்திருக்கு, நான் உக்காந்த நாள்ல மட்டும் என்னைப் பாத்திருக்கு.

அம்மாடி, அதனாலதான் எழுதுறேன். ஓரிகன் போய்க் கடலைப் பாத்ததும் அவகிட்டக் கேக்கலாம்னு இருக்கேன். உங்கம்மா மோதிரம் உங்கிட்டயே இருக்கட்டும், அது உனக்கு, அதை நான் கேக்கல. உனக்குச் சம்மதம் இல்லைன்னா சொல்லிடு, நான் வெண்டெலைப் பாத்துக் கருகிட்டே காலத்தை ஓட்டிக்குவேன், பழக்கம்தான். சம்மதம்னா அவளை இனிமே என்னன்னு கூப்பிடுறதுன்னு யோசிச்சு வை.

நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும், ஆண்டவன் துணை இருப்பான். மாப்பிள்ளையை அந்த ஓட்டை வண்டிக்கு டயர் மாத்தச் சொல்லு, மறந்துடாதே. நாளைக்கு வெண்டெலுக்கு முன் சீட்டு, எனக்குப் பின் சீட்டு. வெண்டெல் கேட்டா ரொம்ப வருத்தமா இருக்குன்னு சொல்லப் போறேன்.

இப்படிக்கு,
வெங்காய மூட்டை மேல உக்காந்து வரப் போற உன் அப்பா
ஆர்வில்